வைக்கோலில் இருந்து எதனோல்: கேட்டதும் சொன்னதும்

இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். வைக்கோலில் இருந்து எதனோல், அதாவது எரியக்கூடிய மதுசாரம், எடுப்பது பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். குடிக்க வடிப்பது பற்றி மட்டும் கேட்க வேண்டாம்.

வவுணதீவு மாணவன்: சேர், வைக்கோலை நறுக்கி ஊறப்போட்டு, ஈஸ்ட் தூவி 10 நாள் வைத்தேன். நாற்றம்தான் மிச்சம். ஏன்?

மகன், ஈஸ்ட் தின்பது சீனியை. வைக்கோலிலும் சீனி உண்டு, ஆனால் செலுலோசாகக் கோர்த்துக் கிடக்கிறது. அதைச் சுற்றி இலிக்னின் என்ற பசை, போதாததற்கு மணலில் இருக்கும் சிலிக்கா. தாளை விரலிடையில் உருவிப் பார், சொரசொரக்கும். முதலில் அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும். கோஸ்டிக் சோடா என்ற கடும் காரத்தின் 2 சதவீதக் கரைசலில் அவித்தால் தண்ணீர் கடும் சாயத் தேத்தண்ணி நிறத்துக்கு வரும். கரைந்த இலிக்னின் அது. நிறம் போகும்வரை கழுவி, பிஎச் 5 அளவுக்கு, அதாவது இலேசான அமிலத் தன்மைக்கு, கொண்டு வா. பிறகு செலுலோசைச் சீனியாக வெட்டும் செலுலேஸ் நொதியம், 50 பாகைச் சூடு, இரண்டு மூன்று நாள். சீனி வந்த பிறகுதான் ஈஸ்ட், அதுவும் 32 பாகைக்கு ஆறவிட்டு. கடைசி வேலையை நீ முதலில் செய்துவிட்டாய்.

சோடாவைத் தண்ணீருக்குள் போடு, சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றாதே. ஈஸ்ட் போட்ட போத்தலின் மூடியை இறுக்காதே, அதில் வரும் காபனீரொட்சைட்டு வெடிக்க வைக்கும்.

ஏறாவூர்: ஒரு கிலோவில் எவ்வளவு வரும்?

காய்ந்த வைக்கோலில் 350 கிராம் செலுலோசு என்று வையுங்கள். முழுதும் சீனியானால் 390 கிராம். அதில் கணக்குப்படி ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் எதனோல். கையில் பாதி வந்தாலே சந்தோஷப்படலாம்.

களுவாஞ்சிகுடி: மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றலாமா?

தண்ணீர் கலந்ததை ஊற்றாதீர்கள். சாதாரணமாக வடித்தால் 95 சதவீதத்தோடு நின்றுவிடும், மீதித் தண்ணீரை எடுப்பது வேறு வேலை. அனுமதியில்லாமல் வடிப்பது குற்றம்.

அக்கரைப்பற்று: கரும்புப் பாகில் சுலபமாக எடுக்கிறார்களே?

பாகில் சீனி அவிழ்ந்தே இருக்கிறது.

சம்மாந்துறை விவசாயி: சேர், கோபிக்க வேண்டாம். வைக்கோலை எல்லாம் அள்ளிக்கொண்டு போனால் வட்டைக்கு, வயல் நிலத்துக்கு, என்ன மிஞ்சும்? 2021இல் உரம் இல்லாமல் நாங்கள் பட்டது மறந்துவிட்டதா?

மறக்கவில்லை. ஒரு தொன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ பொட்டாசியம் இருக்கிறது. நெற்பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான், நெல்லில் இல்லை. நீங்கள் சொல்வது சரி.

வாழைச்சேனை: எங்கள் கடதாசி ஆலைக்கும் வைக்கோல்தானே போனது? அப்போது வயல் சாகவில்லையே.

சம்மாந்துறை: அப்போது மாடு வயலில் நின்றது தம்பி, சாணம் விழுந்தது. இப்போது மெஷின் வெட்டிவிட்டுப் போகிறது, பின்னால் நெருப்பு.

கிரான் மாட்டுக்காரர்: ஆவணியில் புல் காய்ந்தால் எங்கள் மாடு எதைத் தின்னும்? எரிக்கவும் வேண்டாம், வடிக்கவும் வேண்டாம், எங்களிடம் தாருங்கள்.

வாழைச்சேனை: அவித்து மிஞ்சியதை வயலுக்கே ஊற்றினால் உரம் திரும்பி வராதா, சேர்?

ஊற்றவே கூடாது. கோஸ்டிக் சோடாவில் இருப்பது சோடியம், மண்ணை இறுக்கிவிடும். அதே வேலையைப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டு செய்யும். அப்போது காரத்தை நடுநிலையாக்கி, அந்தத் தண்ணீரை உரமாகத் திருப்பலாம். விலைதான் இடிக்கும். என்னைக் கேட்டால், முதலில் மாட்டுக்கு, பிறகு மண்ணுக்கு, எரிக்கப் போவது மட்டும் எனக்கு. சம்மாந்துறைக்காரர் ஒத்துக்கொள்வாரா?

சம்மாந்துறை: எரிக்கப் போவது என்று யார் தீர்மானிப்பது?

அது நியாயமான கேள்வி. நீங்கள்தான்.

கல்முனை: சேர், மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றலாமா?

மேலே பாருங்கள் தம்பி.