மகாவலிக் கரையோடு கண்டியைச் சுற்றி: நடையும் சைக்கிளும் பற்றிய கேள்வி பதில்

பேராதனைப் பாலத்திலிருந்து தென்னேகும்புரப் பாலம் வரை மகாவலியின் கரையை ஒட்டி நடக்கவும் சைக்கிளில் செல்லவும் தொடங்கி எனக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆசிரியப் பணியில் இருந்தபோது விடுமுறை நாட்களில் மட்டும் சென்றேன். ஓய்வுபெற்ற பின் வாரத்தில் இரண்டு மூன்று நாட்களாவது போகிறேன். இந்தக் கரையைப் பற்றி மலையகத்திலிருந்தும் வெளியிலிருந்தும் பலர் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

கம்பளையிலிருந்து ஓர் இளைஞர்: சேர், கண்டியைச் சுற்றி ஆற்றோரமாக ஒரே பாதையில் போய்வர முடியுமா? மொத்தம் எத்தனை கிலோமீற்றர்?

ஒரே பாதை என்று ஒன்று போடப்படவில்லை, தம்பி. கம்பளைப் பக்கமிருந்து வடக்கு நோக்கி வரும் ஆறு, பேராதனைப் பூங்காவை ஒரு வளையம்போலச் சுற்றிக்கொண்டு, கெட்டம்பே, ஹல்லொலுவ வழியாகக் கட்டுகஸ்தோட்டைக்குப் போகிறது. அங்கே கிழக்கே திரும்பிப் பொல்கொல்லையைக் கடந்து, பிறகு லெவல்ல, தென்னேகும்புர என்று தெற்காக இறங்கிக் குண்டசாலைப் பக்கம் போய்விடுகிறது. மேற்கு, வடக்கு, கிழக்கு ஆகிய மூன்று பக்கமும் ஆறு, தெற்கே ஹந்தானை மலைத்தொடர், நடுவில் கண்டி என்று மனத்தில் ஒரு படம் வரைந்துகொண்டால் வழி தவறாது. நீரோட்டம் போகும் திசையில் நீங்கள் நடந்தால் நகரம் எப்போதும் உங்கள் வலப்பக்கத்திலேயே இருக்கும்.

வழியை நாமேதான் தைத்துக்கொள்ள வேண்டும். சில இடங்களில் வீதி ஆற்றை உரசிக்கொண்டு போகும். சில இடங்களில் வீடுகளும் தோட்டங்களும் நீர்விளிம்பு வரை இறங்கியிருப்பதால் கரையை விட்டு மேலே ஏறி, அடுத்த ஒழுங்கையால் மீண்டும் இறங்க வேண்டியிருக்கும். எந்த ஒழுங்கையைத் தெரிவுசெய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தூரம் மாறுவதால், கிலோமீற்றரை எண்ணாமல் பாலங்களை எண்ணிச் செல்லுங்கள். கொழும்பு வீதி கடக்கும் பேராதனைப் பாலம், யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியின் கட்டுகஸ்தோட்டைப் பாலம், லெவல்லப் பாலம், மகியங்கனை வீதியின் தென்னேகும்புரப் பாலம் ஆகிய நான்கும் போதும். கடைசிப் பாலத்திலிருந்து நகருக்குள் வந்து, கண்டி வாவியின் கரையைச் சுற்றிக் கெட்டம்பேக்குத் திரும்பினால் வட்டம் முடிகிறது. சைக்கிளில் இதை ஒரு நாளில் முடிக்கலாம். நடப்பவர் ஒரு நாளில் முடிக்க முயலாமல், இரண்டு பாலங்களுக்கு இடைப்பட்ட பகுதியை ஒரு காலைப்பொழுதுக்கு என்று வைத்துக்கொள்வதே நல்லது.

மாத்தளையிலிருந்து சைக்கிள் ஓடும் ஒருவர்: எந்தக் கரையால், எந்தத் திசையில் போவது வசதி?

நம் நாட்டில் இடப்பக்கமாகச் செல்வதால், ஆறும் இடப்பக்கம் இருக்கும்படி திசையைத் தெரிவுசெய்யுங்கள். அப்படிச் செய்தால் நின்று பார்க்கவும் ஓய்வெடுக்கவும் ஒவ்வொரு முறையும் வாகனங்களுக்குக் குறுக்கே வீதியைக் கடக்க வேண்டியதில்லை. நகரம் இருக்கும் கரையில் நீரோட்டத்தோடு போங்கள். எதிர்க்கரையில், அதாவது கன்னொருவ, ஹல்லொலுவ வீதியில், கட்டுகஸ்தோட்டையிலிருந்து பேராதனை நோக்கி நீரோட்டத்துக்கு எதிராக வாருங்கள். மாத்தளையிலிருந்து வரும் உங்களுக்கு இந்த இரண்டாவது வழி மிகவும் பொருந்தும். கட்டுகஸ்தோட்டையில் பாலத்தைக் கடக்காமலேயே திரும்பிவிடலாம். ஆற்றோரம் என்பதால் வீதி சமதளமாக இருக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஆற்றில் வந்து விழும் ஒவ்வொரு ஓடைக்கும் வீதி ஒரு முறை இறங்கி ஏறுகிறது.

வத்தேகமையிலிருந்து ஒரு தாய்: பத்து வயது மகனோடு முதல் முறையாக நடப்பதற்கு எந்தப் பகுதி ஏற்றது, ஐயா?

பேராதனை அரச தாவரவியல் பூங்காவிலேயே தொடங்குங்கள். 1821இல் தொடக்கம் பெற்ற அந்தப் பூங்கா 147 ஏக்கர் பரப்புடையது. அதன் மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓடுகிறது. நுழைவுச்சீட்டுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். ஆனால் வாகனத் தொல்லை இல்லாமல், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு குழந்தை மணிக்கணக்கில் நடக்கக்கூடிய இடம் கண்டியில் வேறில்லை. ஆற்றோர நடையில் பனை மரங்களின் வரிசை ஒன்று உண்டு. பனையைப் படத்தில் மட்டுமே கண்டிருக்கும் மலையகப் பிள்ளைக்கு அதை அவசியம் காட்டுங்கள். பகலில் மரக்கிளைகளில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால் கூட்டமும் அவனுக்குப் பிடிக்கும். ஆற்றின் மேலுள்ள தொங்குபாலத்தில் ஒரே நேரத்தில் சிலர் மட்டுமே ஏறலாம். அறிவிப்புப் பலகையை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள்.

அவனுக்கு நடை பழகிய பின் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகலாம். அங்கு நிழல் அதிகம். பொறியியற் பீடம் ஆற்றின் மறுகரையில் இருப்பதால் இரு பக்கத்தையும் அக்பர் பாலம் என்ற நடைபாலம் இணைக்கிறது. கடக்கும் முன் அதன் நிலையைக் காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒரு மாணவர்: என்னிடம் கியர் இல்லாத பழைய லுமாலா சைக்கிள்தான் இருக்கிறது. போதுமா?

ஆற்றோரப் பகுதிக்குப் போதும். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவது வெட்கத்துக்குரிய செயல் அன்று. ஆனால் பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றிவிட்டு வாருங்கள். மழையில் நனைந்த சக்கரவளையத்தில் தேய்ந்த கட்டை பிடிக்காது என்பதை நான் பொல்கொல்லை இறக்கத்தில் முழங்கைத் தோலைக் கொடுத்துக் கற்றேன். ஒரு டியூப், ஒட்டும் வில்லைகள், கைப்பம்பு, பின்பக்கச் சிவப்பு விளக்கு, தலைக்கவசம் ஆகியவை கட்டாயம் வேண்டும்.

நாவலப்பிட்டியிலிருந்து ஓர் அன்பர்: எந்த மாதங்களில் வரலாம்? ஆற்று வெள்ளம் பற்றிப் பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை மழை குறைவு, கரையும் காய்ந்திருக்கும். ஏப்ரலிலும், மீண்டும் அக்டோபர், நவம்பரிலும் காலை வெயிலாக இருந்தாலும் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். மே முதல் செப்டெம்பர் வரை கண்டியில் தூறல்தான் இருக்கிறது என்று நம்பிக் கரைக்கு இறங்கிவிடக் கூடாது. அதே நேரத்தில் உங்கள் நாவலப்பிட்டியிலும் வட்டவளையிலும் தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்துகொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் முழுவதும் எங்களிடம்தான் வந்து சேர வேண்டும். கண்டி வானத்தைப் பார்த்து மகாவலியை அளக்க முடியாது.

மழை இல்லாத நாளிலும் நீர்மட்டம் மாறும். மேலே கொத்மலை நீர்த்தேக்கம், இங்கே பொல்கொல்லை அணை என்று கதவு வைத்துத் திறந்து மூடப்படும் ஆறு இது. ஒரு முறை லெவல்லப் பக்கத்தில் காலையில் ஒரு பாறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு மேலே நடந்தேன். பிற்பகலில் அதே வழியில் திரும்பியபோது அந்தப் பாறையைக் காணவில்லை, அதன் மேல் பழுப்பு நிறத் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நான் ஆற்றுப்படுகைக்குள் இறங்குவதில்லை. உலர்ந்த கல்லாக இருந்தாலும் இறங்குவதில்லை. நீங்களும் இறங்காதீர்கள். குளிப்பது அதைவிட ஆபத்தானது. மேற்பரப்பு அசையாமல் இருக்கும் இடத்தில்தான் மணல் அள்ளிய பள்ளங்களும் அடிச்சுழியும் இருக்கும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் ஏற்படுத்திய வெள்ளத்தையும் மண்சரிவையும் உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. அதற்கு முன் எழுதப்பட்ட எந்த வழிக்குறிப்பையும், நான் எழுதியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அப்படியே நம்ப வேண்டாம். ஓர் ஒழுங்கைக்குள் இறங்கும் முன் அங்குள்ளவரிடம் கேளுங்கள். புறப்படும் நாளில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆற்று நீர்மட்ட அறிவிப்பையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். மஞ்சள் எச்சரிக்கை இருந்தாலே நான் அன்றைய நடையை விட்டுவிடுவேன்.

மூதூரிலிருந்து ஒரு விவசாயி: பொல்கொல்லையில் தண்ணீரைத் திருப்புகிறார்கள் என்கிறார்கள். அப்படியானால் எங்கள் பக்கம் வருவது எந்தத் தண்ணீர்?

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஏனென்றால் கரையில் நடக்கும் பெரும்பாலானோர் அணையைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 335 கிலோமீற்றர் ஓடி உங்கள் கொட்டியாரக் குடாவில் கலக்கும் இந்த ஆறு பொல்கொல்லையில் பிரிகிறது. 1976இல் இயங்கத் தொடங்கிய அந்த அணையிலிருந்து ஒரு பங்கு நீர், மலைக்கு அடியில் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமுள்ள சுரங்கத்தினூடாக உக்குவளை மின்நிலையத்துக்குப் போய், அங்கு மின்சாரம் தந்துவிட்டு சுது கங்கையிலும் அதன் வழியே அம்பன் கங்கையிலும் சேர்கிறது. போவதென்னையில் அது மீண்டும் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி கலாவாவிக்கும் வடமத்திய வயல்களுக்கும் செல்கிறது. அம்பன் கங்கையோடு தொடரும் மீதி, பொலன்னறுவைச் சமவெளியில் மகாவலியோடு மறுபடி கூடுகிறது. அணைக்குக் கீழே விடப்படும் நீரோ விக்டோரியா போன்ற நீர்த்தேக்கங்களைத் தாண்டி வருகிறது. ஆக, உங்கள் வயலுக்கு வரும் தண்ணீரில் இரண்டும் கலந்திருக்கின்றன.

நடப்பவர் இதைக் கண்ணாலேயே காணலாம். வறண்ட மாதங்களில் கட்டுகஸ்தோட்டைக்கும் அணைக்கும் இடையில் ஆறு குளம்போல அகன்று நிரம்பி நிற்கும். அணையைத் தாண்டியதும் பாறைகள் வெளியே தெரிய, நீர் இடையில் நூலாக ஓடும்.

கண்டியிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியை: மாணவரை அழைத்துச் சென்றால் எங்கே நிறுத்திக் கதை சொல்லலாம்?

இரண்டு இடங்கள். முதலாவது பேராதனைக்கு எதிர்க்கரையிலுள்ள கன்னொருவ. 1638இல் இரண்டாம் இராஜசிங்கனின் படை போர்த்துக்கேயரை முறியடித்த இடம் அது. இரண்டாவது வட்டாபுலுவ, என் மனம் அதிகம் தங்குவது அங்கேதான். 1803இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்து, நாயக்கர் குடும்பத்து முத்துசாமியை அரசனாக அமர்த்திவிட்டு, மேஜர் டேவியின் கீழ் ஒரு காவற்படையை விட்டுச் சென்றனர். ஜூன் மாதம் அப்படை சரணடைந்து திருகோணமலை நோக்கிப் புறப்பட்டபோது, வட்டாபுலுவவில் ஆறு பெருக்கெடுத்து ஓடியதால் கடக்க முடியவில்லை. கரையிலேயே காத்திருந்தவர்கள் முத்துசாமியை ஒப்படைக்கும்படி கேட்கப்பட்டு, ஒப்படைத்தனர், அவர் கொல்லப்பட்டார். பின்னர் படையினரும் கொல்லப்பட்டனர். அகழி எதற்கு என்று மாணவர் கேட்டால், மழைக்காலத்து மகாவலியைக் காட்டுங்கள். கண்டி அரசுக்கு அதைவிடப் பெரிய அகழி தேவைப்படவில்லை.

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கை: பெண்கள் மூவர் மட்டும் நடக்க எண்ணியிருக்கிறோம். பாதுகாப்பாக இருக்குமா?

காலை ஆறரைக்குத் தொடங்கிப் பகல் பன்னிரண்டுக்குள் முடியும்படி திட்டமிடுங்கள், மகள். அந்நேரம் பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போவோரும் வீதியில் இருப்பார்கள். பேராதனை, கட்டுகஸ்தோட்டை போன்ற இடங்களில் தொடங்கினால் பஸ் எப்போதும் கிடைக்கும். ஆளரவமற்ற புதர்ப் பகுதி வந்தால் குறுக்குவழி தேடாமல் மேல் வீதிக்கு ஏறிவிடுங்கள். எந்தப் பாலத்தில் இருக்கிறீர்கள் என்பதை வீட்டுக்கு அறிவித்துக்கொண்டே செல்லுங்கள். பொலிஸ் 119, இலவச அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. இம்மூன்றும் மூவருடைய கைபேசியிலும் இருக்கட்டும்.

ஹட்டனிலிருந்து ஒருவர்: அட்டை, நாய் இவற்றுக்கு என்ன செய்வது?

அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும் என்பது ஹட்டன்காரருக்குத் தெரியாததன்று. நான் அஞ்சுவது எலிக்காய்ச்சலுக்குத்தான். காலில் கீறலோ புண்ணோ இருந்தால் ஆற்றுச் சேற்றிலும் வயல் வரம்பிலும் கால் வைக்காதீர்கள். நடந்து சில நாட்களின் பின் காய்ச்சலும் கடும் உடல்வலியும் கண்டால் வைத்தியரிடம் ஆற்றோரம் நடந்ததைச் சொல்லுங்கள். நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

அக்குறணையிலிருந்து ஒருவர்: கட்டுகஸ்தோட்டை ரயில் பாலத்தால் நடந்தால் தூரம் குறையுமே?

நடக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். நடுப்பாலத்தில் ரயில் வந்தால் ஒதுங்க இடமும் இல்லை. வீதிப் பாலம் அருகிலேயே இருக்கிறது.

கலஹா தோட்டத்திலிருந்து ஓர் இளைஞர்: தெற்குப் பக்கத்தை ஹந்தானை மலையால் சுற்றி வட்டத்தை முடிக்கலாமா, அண்ணா?

நடப்பவர்களுக்கு அது அருமையான வழி. கியர் இல்லாத சைக்கிளுக்கு உகந்ததன்று. 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ டிரெயில் என்ற மலையக நடைவழி ஹந்தானையில் தொடங்கி, முதற்கட்டத்திலேயே உங்கள் கலஹாவுக்கு வருகிறது. அதன் தொடக்கத்தில் உள்ள தேயிலை அருங்காட்சியகம் 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலைக் கட்டடத்தில் இருக்கிறது. வெளிநாட்டவர் வழிகாட்டி வைத்து நடக்கும் அந்தத் தோட்டப் பாதைகள் நம் பாட்டன் பாட்டிமார் கொழுந்துக் கூடை சுமந்து நடந்தவை. நீங்கள் அவற்றில் விருந்தாளியாக அன்றி உரிமையோடு நடக்கலாம். குளவிக்கூடு கண்டால் சத்தமிடாமல் வந்த வழியே திரும்புங்கள்; வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வர வேண்டாம்.

நுவரெலியாவிலிருந்து ஒருவர்: பெரஹரா காலத்தில் வரலாமா?

தலதா மாளிகையின் எசல பெரஹரா ஊர்வலம் நடக்கும் நாட்களில் மாலையில் நகர வீதிகள் மூடப்படுவதால் வாவிக்கரை வழியே வட்டத்தை முடிக்க இயலாது. பேராதனைக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் இடைப்பட்ட எதிர்க்கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறுதி இரவு ஊர்வலம் முடிந்த விடியற்காலையில் கெட்டம்பே ஆற்றில் நீர் வெட்டும் சடங்கு நடைபெறும். அதைக் காண விரும்பினால் சைக்கிளைப் பேராதனையில் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு, விடியும் முன்பே நடந்து சென்று சேருங்கள்.