டிப்ளமோ நர்சிங் முடித்தவர்கள் அதற்கு மேல் முன்னேற முடியுமா?

தாராளமாக முடியும். நானே அப்படி வந்தவள்தான். 3 ஆண்டு ஜி.என்.எம். (பொது செவிலியம், மகப்பேறு டிப்ளமோ), மாநில செவிலியர் கவுன்சிலில் பதிவு, வேலை. அப்புறம் டிப்ளமோ முடித்தவர்களுக்கான 2 ஆண்டு பட்டப்படிப்பு, போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. எம்.எஸ்சி.யும் முடித்தால் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தப் போகலாம். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்பைக் கவனியுங்கள்.

ஆனால் அவசரப்பட்டு வார்டை விட்டுவிடாதீர்கள்; கைப்பழக்கம் அங்கேதான் வரும். என் முதல் வருஷம், குழந்தைகள் வார்டு. ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் கை நடுங்கியது. பக்கத்தில் இருந்த சீனியர் அக்கா, குழந்தையின் புறங்கையைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திச் சூடேற்றினார். "கண்ணால தேடாதம்மா, விரலால தடவிப் பாரு" என்றார். தடவினேன். மெல்லிய நூல் மாதிரி விரலுக்கடியில் தட்டுப்பட்டது. ஊசி ஒரே முறையில் ஏறியது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இன்றும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.