ஸ்ட்ராட்டோகாஸ்டரா, லெஸ் போலா?

தம்பி, கிளிநொச்சிப் பக்கம் கோயில் திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டு வாசிக்க எந்த எலெக்ட்ரிக் கிற்றார் நல்லது என்று கேட்டிருக்கிறீர். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், கிப்சன் லெஸ் போல் என்ற இரண்டு மாதிரிகளில் என் தெரிவு லெஸ் போல் வடிவம்தான்.

முக்கிய காரணம் இரைச்சல். 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இருப்பவை ஒற்றைச் சுருள் பிக்கப்கள், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகங்கள். பக்கத்தில் ஓடும் கரண்ட் வயர், டியூப் லைட், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் எல்லாவற்றின் உறுமலையும் அவை பிடித்துக்கொள்ளும். இவை இல்லாத திருவிழா மேடை ஏது? கிப்சன் லெஸ் போலில் 1957 முதல் பூட்டப்பட்ட ஹம்பக்கர் என்ற பிக்கப்பில் இரண்டு சுருள்கள் எதிரெதிராக வேலை செய்து அந்த உறுமலை அடக்கிவிடும்.

லெஸ் போலில் தந்தி நீளமும் குறைவு. ஸ்ட்ராட்டில் 25.5 அங்குலம், இதில் ஏறத்தாழ 24.75. அதனால் தந்தி சற்றுத் தளர்வு, கமகம்போல் இழுத்து வளைப்பது இலகு. நாதஸ்வரத்தின் இழைவு பிடிக்குமென்றால் இந்த வித்தியாசம் கையில் உடனே தெரியும்.

ஆனால் லெஸ் போலுக்குப் பாரம் கூட. தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் கீழே விழுந்தால் கழுத்து முறியும். மோட்டார் சைக்கிளில் கொண்டு திரிவதென்றால் உறுதியான பெட்டி கட்டாயம். ஸ்ட்ராட்டின் கழுத்து திருகாணியால் பூட்டியது, கழற்றி மாற்றலாம்.

கிற்றார் உடலில் தந்திகளைத் தாங்கும் பாலத்துப் பக்கம் ஹம்பக்கர் பூட்டிய ஸ்ட்ராட் வடிவக் கிற்றார்களும் இருக்கின்றன. கிடைத்தால் தயங்காமல் எடும்.