கிணற்றடிக்குப் போனதும் புளூடூத் பாட்டு விட்டுவிட்டுக் கேட்பது ஏன்?

வீட்டுக்குள் புளூடூத் இயர்போனில் ஒழுங்காகக் கேட்கும் பாட்டு, சுவரே இல்லாத கிணற்றடியில் அறுந்து அறுந்து கேட்கிறது என்கிறீர்கள். போன் காற்சட்டையின் பின்பையில் இருந்ததா? அப்படியானால் குற்றவாளி உங்கள் உடம்புதான்.

புளூடூத் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் இயங்குகிறது. அந்த அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். உடம்பில் பெரும்பங்கு தண்ணீர்தானே. வீட்டுக்குள் அலை சுவரிலும் கூரையிலும் பட்டுத் தெறித்து, உடம்பைச் சுற்றிவந்து காதை அடைந்துவிடும். வெட்டவெளியில் தெறிக்க எதுவுமில்லை. கோண்டாவிலில் எங்கள் வளவிலேயே பார்த்திருக்கிறேன்: துவைக்கும் கல்லில் போனை வைத்து அதைப் பார்த்தபடி நின்றால் பாட்டுத் தெளிவாக வரும், வாளியை இழுக்க முதுகைத் திருப்பினால் திக்கும். போனைச் சட்டைப்பைக்கு மாற்றிப் பாருங்கள்.

பலரும் உடனே வைஃபை மீது பழி போடுவார்கள். இரண்டும் ஒரே அலைப்பரப்பைப் பகிர்வது உண்மை. ஆனால் பாட்டை அனுப்பும் வழமையான புளூடூத், அந்தப் பரப்பை 79 தடங்களாகப் பிரித்து, விநாடிக்கு 1600 தடவை வரை தடம் மாறுகிறது. 2003இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, நெரிசலான தடங்களை ஒதுக்கிவிட்டுத் தாவவும் அதற்குத் தெரியும். குசினியில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் சந்தேகப்படலாம்; அதுவும் இதே அலையில்தான் சோற்றைச் சூடாக்குகிறது.