கடற்கரையில் குழந்தை சமர்த்தாகத் தூங்கினால்...

கேள்வி: என் மகனுக்கு ஐந்து மாதம். முதல்முறையாகக் குடும்பத்தோடு ஒரு நாள் முழுக்கக் கடற்கரைக்குப் போகிறோம். சன்ஸ்கிரீன் பூசலாமா? மணலைத் தின்றுவிட்டால்? கடல் காற்றில் சளி பிடிக்குமா? குளித்துவிட்டு வந்த குழந்தைக்கு மறுநாள் மூச்சு நின்றுபோகும் என்று ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து தூக்கமே வரவில்லை. பாராசிட்டமால் சொட்டு மருந்தும் குளுக்கோஸ் தண்ணீரும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். அவனுக்கு முடியவில்லை என்றால் வாய் திறந்து சொல்லக்கூடத் தெரியாதே, டாக்டர்!

பதில்: உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வெயில் ஒத்துக்கொள்ளாத குழந்தை முதலில் சிணுங்கும், முகம் சிவக்கும், பால் கொடுத்தால் தலையைத் திருப்பிக்கொள்ளும். அப்போது யாரும் கவனிக்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் அழுகையே அடங்கிவிடும். ஆளும் அலையுமாக இரைச்சல் நிறைந்த இடத்தில் அழாத குழந்தையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 'அலுப்பு, தூங்கட்டும்' என்று விட்டுவிடுகிறோம். எனக்குப் பயம் அந்தத் தூக்கத்தைப் பார்த்துத்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை, உங்கள் மகன் வயதில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். மதியத்திலிருந்து சமர்த்தாகத் தூங்கினானாம், இப்போது எழுப்பினால் எழவில்லையாம். வெயில் படக்கூடாதே என்று தள்ளுவண்டியின் மேல் துணியைப் போர்த்தி வைத்திருந்தார்கள். டயப்பரைக் கழற்றினேன், காலையில் கட்டியபடியே காய்ந்து கிடந்தது. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. கையைத் தூக்கி விட்டால் பொத்தென்று விழுந்தது. குழந்தை தேறி வீட்டுக்குப் போய்விட்டான். ஆனால் 'துணி போர்த்தினது தப்பா டாக்டர்?' என்று அந்தத் தாய் கேட்டது இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

தப்புதான். வண்டியை மூடினால் காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். பச்சைக் குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், சுற்றியுள்ள சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும். வியர்த்துத் தணித்துக்கொள்ளும் திறனோ இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. நிழல் வேண்டுமென்றால் நான்கு பக்கமும் காற்று வருகிற குடை நிழல்தான்.

எனவே அங்கே நீங்கள் செய்யவேண்டியது இதுதான். அரை மணிக்கு ஒருமுறை அவன் நெஞ்சிலும் பிடரியிலும் கை வைத்துப் பாருங்கள். வழக்கமான பால் நேரம் வந்தால், தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள். உள்ளங்காலை விரலால் தேய்த்தால் காலை இழுத்துக்கொண்டு முகத்தைச் சுளிக்கிறானா, மார்பில் வைத்ததும் இழுத்துக் குடிக்கிறானா? நல்லது, மறுபடி தூங்கட்டும். கண்ணைத் திறந்து உடனே சொருகுகிறான், கைகால் துவண்டு கிடக்கிறது, பாலை வாயில் வைத்தாலும் சப்பவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போகிற வழியிலேயே உடைகளைக் கழற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் உடம்பெல்லாம் துடைத்து விசிறிக்கொண்டே போங்கள். ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டாம். மயக்கத்தில் இருக்கும் குழந்தையின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், புரையேறும். உடம்பு கொதித்தாலும் சரி, கொதிக்காவிட்டாலும் சரி, துவண்டுபோன குழந்தையை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

இனி உங்கள் பை. பாராசிட்டமால், கிருமித்தொற்றால் வரும் காய்ச்சலைத் தணிக்கிற மருந்து. வெயிலில் ஏறிய சூட்டை அது இறக்காது. 'கொடுத்திருக்கிறோம், பார்ப்போம்' என்று ஒரு மணி நேரம் வீணாகப் போகும், ஆபத்து அந்த ஒரு மணி நேரத்தில்தான். குளுக்கோஸ் தண்ணீரை இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தண்ணீரே கூடாது. அதன் சிறுநீரகத்தால் அதிகப்படி நீரைச் சமாளிக்க முடியாது. ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரை போகலாம். யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தாய்ப்பால் கொடுத்தால் வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள், நீங்கள் நிறையத் தண்ணீர் குடியுங்கள். புட்டிப்பால் என்றால் கலக்கும் அளவை மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள்.

அந்த வீடியோவை அழித்துவிடுங்கள். தண்ணீரிலிருந்து வெளியே வந்து நேரம் கழித்து மூச்சு நிற்பதாகச் சொல்லும் 'உலர் மூழ்கல்' (dry drowning) என்ற சொல்லையே கைவிட வேண்டும் என்று 2002இல் நீரில் மூழ்குதல் பற்றிய உலக மாநாடு கேட்டுக்கொண்டது. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை மறுநாள் காரணமே இல்லாமல் மூச்சு நின்று போவதில்லை. தலை தண்ணீருக்குள் போய்விட்டு, வெளியே எடுத்த பிறகும் இருமல் நிற்காமல், மூச்சு வாங்கினால் அப்போதே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அது முதல் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். அலை நுரையில் அவன் காலை நனைத்து எடுக்க விரும்பினால் செய்யுங்கள், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

ஒரு சிட்டிகை மணல் வாய்க்குள் போனால் மலத்தோடு வந்துவிடும். கண்ணில் விழுந்தால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சளி வைரஸால் வருவது, காற்றால் அல்ல.

இந்த வயதில் உடம்பெல்லாம் சன்ஸ்கிரீன் பூசத் தேவையில்லை. முழுக்கை பருத்திச் சட்டை, காதும் பிடரியும் மறைகிற தொப்பி, நிழல், இவை போதும். மறைக்க முடியாத கன்னத்திலும் புறங்கையிலும் மட்டும், ஜிங்க் ஆக்சைடு கலந்த எஸ்பிஎஃப் 30 கொஞ்சமாகத் தொட்டு வைக்கலாம். குடைக்குக் கீழேயும் தொப்பியைக் கழற்றாதீர்கள், உலர்ந்த மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். தோல் சிவந்து கன்றிவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு நாள் முழுக்க என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். காலை 10 மணிக்குள் கடற்கரையிலிருந்து கிளம்பிவிடுங்கள், அல்லது மாலை 4 மணிக்கு மேல் போங்கள். பெரியவர்கள் இருக்க ஆசைப்பட்டால் இருக்கட்டும், குழந்தையும் நீங்களும் நடுவெயிலில் வீட்டுக்குள் இருங்கள். அன்றிரவு ஈர டயப்பரை எண்ணிக்கொண்டே வாருங்கள். ஆறு மணி நேரம் டயப்பர் காய்ந்தே இருந்தால், விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.