5 லிட்டர் கலனில் டிஸ்க் வெடித்தது ஏன்?

தேங்காய் நார்த்தூளையும் தண்ணீரையும் மூடிய கலனில் சூடாக்கினப்போ, 220 டிகிரிக்கு 23 பார் அழுத்தம்தானே வரணும், 60 பாரில் ரப்சர் டிஸ்க் (அழுத்தம் மீறினால் கிழிந்து கலனைக் காக்கும் தகடு) கிழிஞ்சுதுன்னு கேட்டிருக்கீங்க. கோளாறு ஹீட்டரில் இல்லைங்க, 4.5 லிட்டர் நிரப்பியதில்தான். அந்தச் சூட்டில் தண்ணீர் கிட்டத்தட்ட 19 சதவீதம் விரியும், 4.5 லிட்டர் 5.3 ஆகப் பார்க்கும். ஆவிக்கு இடமே இல்லை. அதன்பின் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் எகிறும்.

நார்த்தூளும் தண்ணீரும் சேர்த்தே 3 லிட்டரைத் தாண்டாதீங்க. தூளில் ஊறிய ஈரமும் அதில் அடக்கம். தூளிலிருந்து வரும் கரியமில வாயுவால் அழுத்தம் 23க்கு மேல் கொஞ்சம் ஏறும், ஆறிய பிறகும் அழுத்தமானி முள் பூஜ்யத்துக்கு வராது. 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் வால்வை வெளிக்காற்றில் மெதுவாகத் திறங்க.

பொள்ளாச்சி அருகே கோபாலபுரம் பக்க மில் தூள் என்றால் லோ ஈசி (உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் குறைவு) ஆகும்வரை அலசியே போடுங்க. தூளின் உப்பில் உள்ள குளோரைடால் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கலனிலும் விரிசல் விடும். தடித்த டிஸ்க் மட்டும் மாட்டிடாதீங்க!