இக்கோ டயர் போட்டால் எண்ணெய்க் காசு எவ்வளவு மிச்சம்?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறேன். வேலை பாயான் லெப்பாஸில், ஒரு தொழிற்சாலையில். என் மைவி 1.5 காரின் நான்கு டயர்களும் 42,000 கிலோமீட்டர் ஓடித் தேய்ந்துவிட்டன. வேலைக்குப் போய்வருவதும் வார இறுதியில் சுங்கை பட்டாணியில் அம்மா வீட்டுக்குப் போவதும் சேர்ந்து மாதம் 1,650 கிலோமீட்டர் ஓடும். எண்ணெய்க்கு ஏறக்குறைய 215 வெள்ளி ஆகிறது. டயர் கடையில் பொருத்துக்கூலி, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து மூன்று விலை சொன்னார்கள். பெயர் தெரியாத டயர் நான்கும் 660 வெள்ளி, பேர்போன கம்பெனியின் 'இக்கோ' டயர் 920 வெள்ளி, ஸ்போர்ட் டயர் 1,180 வெள்ளி. இக்கோ போட்டால் மாதம் 40 வெள்ளி எண்ணெய் மிச்சம், டயர் காசு அதிலேயே திரும்பிவிடும் என்கிறார் கடைக்காரர். என் கணவரோ, 'மழையில் பாலத்தில் ஓட்டுகிறாய், எண்ணெயைப் பார்க்காதே, பிடிப்புள்ள ஸ்போர்ட் டயரே போடு' என்கிறார். கையில் 3,500 வெள்ளி சேமிப்பு இருக்கிறது. கிரெடிட் கார்டில் 2,400 வெள்ளி பாக்கி, மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை கட்டிவருகிறேன். அதே கார்டில் வட்டியில்லாத 12 மாதத் தவணை உண்டு என்றும் கடையில் சொல்கிறார்கள். எதை வாங்குவது, எப்படிக் கட்டுவது?

பதில்: வணக்கம் சகோதரி. முதலில் அந்த 40 வெள்ளியைப் பார்த்துவிடுவோம். குழப்பம் முழுவதும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ரோன் 95 எண்ணெய் அரசின் புடி 95 மானியத் திட்டத்தில் லிட்டர் 1.99 வெள்ளி என்று 2025 செப்டம்பர் இறுதியில் நடப்புக்கு வந்தது. அந்த விலைக்கு உங்கள் 215 வெள்ளி 108 லிட்டர். 1,650 கிலோமீட்டருக்கு 108 லிட்டர் என்றால் நூறு கிலோமீட்டருக்கு ஆறரை லிட்டர். மைவிக்கு இது நியாயமான அளவுதான், காரில் கோளாறு ஒன்றும் இல்லை.

டயர் உருளும்போது ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது, அதில் சூடாகிறது. அந்தச் சூடு உங்கள் எண்ணெயிலிருந்து போவது. இதைத்தான் உருளல் தடை என்கிறார்கள். இக்கோ டயர் இந்தத் தடையைக் குறைக்கிறது, அது உண்மை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் 2006-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உருளல் தடை பத்து சதவீதம் குறைந்தால் எண்ணெய்ச் செலவு ஒன்று முதல் இரண்டு சதவீதம் குறையும். கடைக்காரர் சொல்லும் 40 வெள்ளி உங்கள் 215-இல் பதினெட்டு சதவீதத்துக்கும் மேல். அதற்கு உருளல் தடை அநேகமாக முழுவதுமே மறைய வேண்டும். அப்படி ஒரு டயர் கிடையாது.

ஐரோப்பிய டயர் லேபிளில் எண்ணெய்ச் சிக்கனத்துக்கு ஏ முதல் இ வரை ஐந்து படிகள் உண்டு. பக்கத்துப் பக்கத்துப் படிகளுக்கு இடையே உருளல் தடை ஏறக்குறைய 15 சதவீதம் மாறும். அதாவது ஒரு படி நல்ல டயர் வாங்கினால் எண்ணெயில் ஒன்றரை முதல் மூன்று சதவீதம். தாராளமாக மூன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு நீங்கள் அடிக்கும் 1,300 லிட்டரில் 39 லிட்டர், அதாவது 78 வெள்ளி. மாதம் ஆறரை வெள்ளி. 660-க்கும் 920-க்கும் உள்ள 260 வெள்ளி வித்தியாசம் எண்ணெயில் மட்டும் திரும்பிவர மூன்று ஆண்டும் நாலு மாதமும் ஆகும். நீங்கள் ஓட்டும் ஓட்டத்துக்கு அந்த டயர் அதற்கு முன்பே தேய்ந்திருக்கும்.

இதை இன்னொரு காரணத்துக்காகவும் விரிவாகச் சொல்கிறேன். புது டயர் போட்ட முதல் மாதம் எண்ணெய் கூடுதலாகக் குடிப்பதுபோல் உங்களுக்குத் தெரியலாம். பயப்படாதீர்கள். தேய்ந்த டயரில் ரப்பர் மெல்லியது, அதனால் உருளல் தடையும் குறைவு; புது டயரில் பள்ளம் ஆழம், தடை கொஞ்சம் கூடும். அதோடு உங்கள் 185/55 ஆர் 15 அளவு டயரின் விட்டம் ஏறக்குறைய 585 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் பள்ளம் இரண்டு மில்லிமீட்டராகத் தேயும்போது விட்டம் 12 மில்லிமீட்டர் குறைகிறது, இரண்டு சதவீதம். புது டயர் பெரிய வட்டம் என்பதால் அதே வழிக்குச் சக்கரம் குறைந்த சுற்றே சுற்றும். முன்பு 1,650 காட்டிய மீட்டர் இனி 1,617 போலக் காட்டும். ஓடிய தூரம் மாறவில்லை, கணக்கு மட்டும் மாறுகிறது. இது தெரியாமல் எத்தனையோ பேர் 'இக்கோ டயர் போட்டும் எண்ணெய் ஏறிவிட்டது' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள்.

சரி, உங்கள் கணவர் சொல்வதற்கு வருவோம். அவர் பயப்படுவது சரியான விஷயத்துக்குத்தான். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 13.5 கிலோமீட்டர் பாலத்தில் மாலை நெரிசலில் முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் அடித்தால், உங்களைக் காப்பாற்றுவது ஈரத் தரையில் டயருக்கு இருக்கும் பிடிப்பு ஒன்றுதான். உயிரும் உடம்பும் எல்லாவற்றுக்கும் மேல், அதை எந்தக் கணக்கிலும் சேர்க்க மாட்டேன். நிதி ஆலோசகர் என்ற முறையில் என்.சி.டி. கணக்கை, அதாவது இழப்பீடு கோராமல் ஓட்டியதற்குக் காப்புறுதியில் கிடைக்கும் தள்ளுபடியின் கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன்.

உங்கள் காப்புறுதிக்குத் தள்ளுபடிக்கு முன் 1,600 வெள்ளி பிரீமியம், 55 சதவீத என்.சி.டி. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தவறால் நடந்த ஒரு மோதலுக்கு இழப்பீடு கோரினால் என்.சி.டி. பூஜ்யத்துக்குப் போய்விடும். மறு ஆண்டு 880 வெள்ளி கூடுதல். அதற்கடுத்து 25, 30, 38.33, 45 என்று ஏறித்தான் மறுபடி 55-க்கு வர முடியும். ஐந்து ஆண்டில் கூடுதலாகக் கட்டியது மொத்தம் 2,187 வெள்ளி. ஆண்டுக்கு 78 வெள்ளி எண்ணெய் மிச்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மழையில் நடக்கும் ஒரே ஒரு மோதல், இக்கோ டயர் 28 ஆண்டில் மிச்சப்படுத்தும் எண்ணெய்க் காசைக் கொண்டுபோய்விடும். அதனால் ஈரப் பிடிப்பை முதலில் பாருங்கள், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆனால் ஈரப் பிடிப்பும் ஸ்போர்ட் டயரும் ஒன்றல்ல, உங்கள் கணவர் இந்த இடத்தில்தான் தவறுகிறார். ஸ்போர்ட் டயரின் கெட்டியான பக்கச் சுவரும் மென்மையான ரப்பரும், வளைவில் வேகமாகத் திரும்பும்போது காரைக் கையில் பிடித்ததுபோல் வைத்திருக்கும். தெலுக் பகாங்கிலிருந்து பாலிக் பூலாவ் மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரியும். தினமும் பாலத்தில் ஊர்ந்து போகிறவருக்கு அது தெரியக்கூட வாய்ப்பில்லை. ஈரத்தில் பிரேக் அடித்து நிற்பது அதிலிருந்து வேறான திறன். ஒரு காலத்தில் எண்ணெய்ச் சிக்கனமும் ஈரப் பிடிப்பும் ஒன்றுக்கொன்று பகையாகத்தான் இருந்தன. பிடிப்புள்ள ரப்பர் சூடாகும், சூடாகாத ரப்பர் வழுக்கும். 1990-களில் டயர் ரப்பரில் கார்பன் கறுப்புக்குப் பதிலாக சிலிக்கா சேர்க்கத் தொடங்கிய பிறகு இரண்டையும் ஓரளவு ஒரே டயரில் கொண்டுவர முடிந்தது. அப்படிச் செய்த டயரும் உண்டு, பிடிப்பை விட்டு எண்ணெயை மட்டும் பிடித்துக்கொண்ட டயரும் உண்டு. பக்கச் சுவரில் இக்கோ என்று போட்டிருப்பதை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? கடையில் லேபிள் ஒட்டியிருந்தால் மழை மேகம் வரைந்த கட்டத்தைப் பாருங்கள், அதுதான் ஈரப் பிடிப்பு. ஏ அல்லது பி இருந்தால் வாங்கலாம். டி, இ என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். லேபிள் இல்லாவிட்டால் அந்த டயரின் பெயரையும் அளவையும் சேர்த்து இணையத்தில் தேடுங்கள். அளவு முக்கியம், ஒரே பெயருள்ள டயர் ஓர் அளவில் ஏ வாங்கி இன்னோர் அளவில் சி வாங்கியிருக்கும். பல டயர்களின் பக்கச் சுவரிலேயே 'டிராக்ஷன்' என்று ஒரு குறி அச்சிட்டிருக்கும். அது நனைந்த தரையில் நேராக பிரேக் அடித்துச் சோதித்த தரம். ஏஏ மேல், அப்புறம் ஏ, பி, சி. அதன் பக்கத்தில் இருக்கும் 'டிரெட்வேர்' எண் தேய்மானத்துக்கானது. அதைத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வதால் ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

தேய்மானத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. உங்கள் பணம் அதிகம் கரைவது அங்கேதான். இக்கோ டயர் 45,000 கிலோமீட்டர் வரை வரும், மற்ற இரண்டும் 30,000 வரும் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு டயர் செலவு பெயர் தெரியாததற்கு 22 வெள்ளி, இக்கோவுக்கு 20.40, ஸ்போர்ட்டுக்கு 39.30. இக்கோவுக்கும் ஸ்போர்ட்டுக்கும் எண்ணெயில் நாலு சதவீத வித்தியாசம் இருந்தாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அது ஐந்து வெள்ளிதான். தேய்மானத்தில் வித்தியாசம் பத்தொன்பது. 660 வெள்ளி டயர் மலிவாகத் தெரிந்தாலும் சீக்கிரம் தேய்ந்தால் மலிவே இல்லை.

ஆகவே 920 வெள்ளி டயரை வாங்குங்கள், ஈரப் பிடிப்பு ஏ அல்லது பி என்று உறுதியானால் மட்டும். இல்லையென்றால் அதே விலைக்கு அருகில் இருக்கும் சாதாரண டூரிங் வகை டயரைக் கேளுங்கள், எண்ணெய்த் தரம் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை. அந்தப் படியின் விலை மாதம் ஆறரை வெள்ளி என்று மேலே பார்த்தோம். பெரிய ரிம் போட்டால் பிடிப்பு கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டயர் விலையும் எடையும் கூடும், எண்ணெயும் கூடும்.

டயரைக் கழற்றி மாட்டும் முன், பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் டி.ஓ.டி. என்ற தயாரிப்பு எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2325 என்றால் 2025-இன் 23-ஆம் வாரத்தில் செய்தது. ரொம்பப் பழைய சரக்கைப் புது விலைக்கு வாங்காதீர்கள். காற்றழுத்தம் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான், கடைக்காரர் கை போன அளவு இல்லை. நான்கு டயரிலும் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் எண்ணெய் 0.2 சதவீதம் வீணாகும். எட்டு குறைந்தால் 1.6 சதவீதம், ஒரு லேபிள் படியின் லாபத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். எண்ணெய் நிலையத்தில் காற்று இலவசம். மாதம் ஒருமுறை, கார் சூடாகும் முன் பாருங்கள். அடுத்த முறை 1.6 மில்லிமீட்டர் சட்ட எல்லை வரும்வரை காத்திருக்காமல் மூன்று மில்லிமீட்டரிலேயே மாற்றுங்கள். நம் ஊர் மழைத் தண்ணீரை வெளியே தள்ள அதற்குக் குறைந்த பள்ளம் போதாது.

இப்போது பணம். மாதம் 40 வெள்ளி மிச்சம் தேடினீர்களே, அது உங்கள் கிரெடிட் கார்டில் இருக்கிறது. ஆண்டுக்கு 15 முதல் 18 சதவீத வட்டியில் 2,400 வெள்ளி பாக்கிக்கு மாதம் 30 முதல் 36 வெள்ளி போகிறது. எந்த டயரும் இவ்வளவு மிச்சப்படுத்தாது. சேமிப்பில் 3,500 வைத்துக்கொண்டு இந்த வட்டியைக் கட்டுவது எனக்கு மனசு பொறுக்கவில்லை, சேமிப்புக் கணக்கு தரும் வட்டி இதற்குப் பக்கத்தில்கூட வராது.

அதே கார்டில் தவணை போடாதீர்கள். வட்டியில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே குறைந்தபட்சம் மட்டும் கட்டிவரும் கார்டில் இன்னொரு தொகை ஏறினால், ஒரு மாதம் இறுக்கமானாலும் அதுவும் வட்டிக்குள் விழும். ரொக்க விலை என்ன என்று தனியாகக் கேளுங்கள், சில கடைகளில் அது இன்னும் குறையும். 920 வெள்ளியைச் சேமிப்பிலிருந்து கட்டுங்கள். இன்னொரு 1,400 வெள்ளியைக் கார்டில் கட்டிவிடுங்கள். பாக்கி 1,000-க்கு இறங்கும், வட்டி மாதம் 17.50 முதல் 21 வெள்ளி குறையும். கையில் 1,180 வெள்ளி அவசரத்துக்கு நிற்கும். அது போதாதுதான், ஆனால் கார்டு பாக்கி தீர்ந்ததும் அதற்குப் போன தொகையை அப்படியே சேமிப்புக்குத் திருப்பினால் சீக்கிரமே நிரம்பிவிடும்.

அடுத்த டயர் இன்னும் ஏறக்குறைய 27 மாதத்தில் வரும். இந்த மாதத்திலிருந்தே 35 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டுவைத்தால், அன்றைக்கு அவசரச் சேமிப்பையோ கார்டையோ தொட வேண்டியிருக்காது.